பவர் ரேஞ்சர்ஸ் வெறும் ஒட்டுவேலைதானா?

கேள்வி இதுதான்: "ஜப்பானின் சூப்பர் சென்டாய் தொடர்களைப் பார்த்த நண்பர்கள், அமெரிக்கத் தொடரான பவர் ரேஞ்சர்ஸ் வெறும் ஒட்டுவேலை, காப்பி என்கிறார்கள். அது சரியா? எந்த சீசன் உண்மையிலேயே நல்லது? இத்தனை வருடம் ஆன பிறகும் ரசிகர்கள் ஏன் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள்?"

ஒட்டுவேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் குற்றமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நாடுகளில், இரண்டு குழுக்கள், இரண்டு வேறு கதைகளுக்காக எடுத்த காட்சிகளை ஒன்றாக்கி ஒரு தொடர் செய்தார்கள். அந்த ஒட்டு எங்கே விழுகிறது, அதை எழுதியவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் நல்ல சீசன் எது, சோடைபோன சீசன் எது என்பது தானாகத் தெரிந்துவிடும். ரசிகர்களின் சண்டைகளில் பெரும்பாலானவையும் கடைசியில் அந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் டோயே நிறுவனம் 1975-இல் கோரேஞ்சர் என்ற தொடரோடு சென்டாய் வரிசையைத் தொடங்கியது. வண்ண உடை அணிந்த ஐந்து பேர், ஒரு வில்லன் கூட்டம் என்ற அச்சு அங்கேதான் பிறந்தது. ராட்சத ரோபோ சில வருடங்கள் கழித்துச் சேர்ந்துகொண்டது. இதை அமெரிக்காவுக்குக் கொண்டுவர தயாரிப்பாளர் ஹைம் சபான் 1986-லேயே பயோமேன் என்ற சென்டாயை வைத்து ஒரு மாதிரிப் படம் எடுத்துப் பார்த்தார். எந்த சேனலும் வாங்கவில்லை. 1993 ஆகஸ்டில் ஃபாக்ஸ் கிட்ஸ் அதற்கு இடம் கொடுத்தபோதுதான் மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ் வெளியே வந்தது. ஹெல்மெட் போட்ட சண்டை, ரோபோ, வெடிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி ஜப்பானில் ஏற்கெனவே எடுத்தது. பள்ளிக்கூடம், ஜூஸ் கடை, நண்பர்கள் பேச்சு எல்லாம் அமெரிக்காவில் எடுத்தது. செலவு பிடிக்கும் பகுதி கையிலேயே இருந்தது, மீதியை எடுத்தால் போதும்.

இந்த ஏற்பாட்டின் தடம் முதல் சீசனிலேயே கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் ரேஞ்சர் டிரினியின் உடையைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பு ரேஞ்சர் கிம்பர்லியின் உடையில் சிறிய பாவாடை இருக்கும், டிரினிக்கு இருக்காது. காரணம், ஜப்பானிய மூலமான ஜியூரேஞ்சரில் மஞ்சள் உடைக்குள் இருந்தவன் போய் என்ற இளைஞன். டிரினியாக நடித்த துய் டிராங் சைகோனில் பிறந்தவர். அவர் ஹெல்மெட் போட்ட அந்த நொடியிலிருந்து, ஜப்பானிய ஸ்டன்ட் கலைஞர் ஓர் ஆண் பாத்திரத்துக்காகச் செய்த அசைவுகளை நாம் டிரினியின் அசைவாகப் பார்க்கிறோம். இதைத் தவறு என்று பட்டியலிடும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஐந்து பேர் அணியில் ஒரே ஒரு பெண் என்று இருந்ததை இரண்டு பெண்கள் ஆக்கியதே அந்த மாற்றம்தான். அதே முறையில்தான் 2021-இல் டினோ ஃபியூரி சீசனில் பச்சை ரேஞ்சர் இஸ்ஸி ஒரு பெண்ணாக வந்தாள். ஜப்பானில் அந்த உடைக்குள் இருந்தது ஓர் ஆண். தொடரின் வரலாற்றில் தன் காதலியோடு வெளிப்படையாக வந்த முதல் ரேஞ்சரும் அவள்தான்.

நிறங்களைப் பற்றிய சண்டையும் முதல் சீசனிலிருந்தே வருவது. கறுப்பின நடிகர் வால்டர் ஜோன்ஸுக்குக் கறுப்பு உடை, ஆசிய வம்சாவளி நடிகைக்கு மஞ்சள் உடை. வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்று இன்றுவரை பேசுகிறார்கள். இரண்டாவது சீசனில் கறுப்பு உடை ஆசிய வம்சாவளியினரான ஜானி யாங் பாஷுக்கும், மஞ்சள் உடை கறுப்பின நடிகை கரன் ஆஷ்லிக்கும் போனதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவராவது இதை எழுப்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது டாமி. ரசிகர்கள் மத்தியில் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது. பச்சை ரேஞ்சராக, வில்லி ரீட்டாவின் மந்திரத்துக்குக் கட்டுப்பட்ட எதிரியாக, ஐந்து பாகக் கதையில் டாமி அறிமுகமானான்; நடித்தவர் ஜேசன் டேவிட் ஃபிராங்க். ஜப்பானில் அதே பச்சை உடைக்காரன் புராய், சிவப்பு வீரனின் அண்ணன். அவனுடைய ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது, கதை முடியும் முன்பே இறந்தும் போகிறான். அமெரிக்காவில் டாமியைச் சாகடிக்க முடியாது, குழந்தைகள் அவனைக் கொண்டாடிவிட்டார்கள். ஆனால் பச்சை உடைக்கான ஜப்பானியக் காட்சிகள் தீர்ந்துபோயின. அதனால் சக்தி போகிறது, வருகிறது, மறுபடி போகிறது, கடைசியில் அடுத்த சென்டாயான டைரேஞ்சரிலிருந்து வெள்ளை உடையை எடுத்து அவனுக்கு மாட்டுகிறார்கள். டைரேஞ்சரில் அந்த வெள்ளை வீரன் உருமாறிய ஒரு சின்னப் பையன். மற்ற ஐவர் பழைய உடையிலேயே இருக்க, ஆறாவது ஆள் மட்டும் வேறொரு தொடரின் உடையில் நின்றான். அமெரிக்காவில் பார்த்த குழந்தைக்கு அது "இவன் தனி" என்ற உணர்வைக் கொடுத்தது. தட்டுப்பாட்டிலிருந்து வந்த முடிவு அது, பாத்திரத்துக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது.

பிறகு வந்த சீசன்களில் டாமி ஸியோவில் சிவப்பு, டர்போவில் மறுபடி சிவப்பு, 2004-இல் டினோ தண்டரில் பள்ளி ஆசிரியராகவும் கறுப்பு ரேஞ்சராகவும் வந்தான். "எல்லாவற்றையும் டாமிக்கே கொடுத்துவிட்டார்கள், ஜேசனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கும் ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த ஜேசன் நடிகர் அல்ல, முதல் அணியின் தலைவனான சிவப்பு ரேஞ்சர். பச்சை ரேஞ்சர் கதையில் அவனுக்குள் இருந்த குற்ற உணர்வையும் பொறுப்பையும் பிந்தைய சீசன்கள் கிட்டத்தட்ட மறந்துவிட்டன. ஆனாலும் டினோ தண்டரின் டாமியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சண்டை போட்டே வளர்ந்த ஒருவன், தன்னைவிடச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்து நிற்பதைக் குழந்தைகள் தொடர் ஒன்று பொறுமையாகக் காட்டியது. ஃபிராங்க் 2022 நவம்பரில் இறந்தபோது உலகம் முழுக்க நடுத்தர வயதுக்காரர்கள் அழுததற்கு அந்தப் பாத்திரத்தோடு கூடவே வளர்ந்ததும் ஒரு காரணம்.

சரி, சீசன்களுக்கு வருவோம்.

மூலத்திலிருந்து விலகிப் போனதால் உயர்ந்த சீசன்கள் இரண்டு. ஒன்று 1998-இல் வந்த இன் ஸ்பேஸ். அதன் மூலமான மெகாரேஞ்சர், உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் கணினி விளையாட்டையும் சுற்றிய கதை. அமெரிக்கக் குழு அதே உடைகளையும் ரோபோக்களையும் எடுத்துக்கொண்டு, தங்கையைத் தேடி அலையும் ஆண்ட்ரோஸ் என்ற தனிமைக்காரனின் விண்வெளிக் கதையாக மாற்றியது. வில்லி ஆஸ்ட்ரோனெமாதான் அந்தத் தங்கை. முந்தைய சீசன் டர்போ சரியாகப் போகாததால் இதோடு கதையை முடித்துவிடலாம் என்ற நிலையில் எழுதியது. அதனால் கடைசி அத்தியாயத்தில் துணிச்சல் வந்துவிட்டது. முதல் சீசனிலிருந்து ரேஞ்சர்களை வழிநடத்திய, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ஸோர்டன் தன்னை உடைக்கச் சொல்கிறார். ஆண்ட்ரோஸ் தயங்குகிறான், கெஞ்சுகிறான், பிறகு வாளால் அந்தக் கண்ணாடிக் குழாயை உடைக்கிறான். ஆறு வருடம் வழிகாட்டிய ஒரு முகம் அதோடு மறைகிறது. வில்லன்கள் எல்லாரும் வெடித்துச் சாகவில்லை. பழைய வில்லன்களான ரீட்டாவும் ஸெட்டும் மனிதர்களாக மாறி நிற்கிறார்கள். அந்தக் காட்சியில் ஜப்பானிலிருந்து வந்தது ஒன்றும் இல்லை.

இன்னொன்று 2009-இன் ஆர்.பி.எம். மூலமான கோ-ஆன்ஜர் ஒரு கலகலப்பான தொடர். அதில் ரோபோக்களாக மாறும் வண்டிகளுக்குப் பெரிய கார்ட்டூன் கண்கள் இருக்கும், அவை பேசும். ஆர்.பி.எம். குழு அதே வண்டிகளை, கணினி வைரஸ் ஒன்று உலகத்தை அழித்தபிறகு ஒரே ஒரு நகரம் மட்டும் மிச்சம் இருக்கும் கதைக்குள் கொண்டுவந்தது. சிரிக்கும் வண்டிகளை அழிவின் நடுவில் நிறுத்தினால் கேலிக்கூத்தாகத்தான் முடியும் என்று தோன்றும். அப்படி ஆகாததற்குக் காரணம், அந்தப் பொருந்தாமையை அவர்கள் மறைக்கவில்லை. உருமாறும்போது பின்னால் ஏன் காரணமே இல்லாமல் ஒரு பெரிய வெடிப்பு வருகிறது என்று பாத்திரங்களே கேட்கின்றன. டாக்டர் கே முகத்தில் சலனமே இல்லாமல் தொழில்நுட்ப விளக்கம் கொடுக்கிறாள். பதினாறு வருடமாக ரசிகர்கள் கேட்ட கேள்வியைத் தொடரே கேட்டுவிட்டது. அந்த டாக்டர் கே, குழந்தையாக இருந்தபோதே ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் அடைக்கப்பட்டவள். வெயில் பட்டால் ஒவ்வாமை வரும் என்று பொய் சொல்லி அவளை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். தப்பிக்க அவள் உருவாக்கிய வைரஸ்தான் உலகத்தை அழித்தது. குழந்தைகள் தொடர் ஒன்று இவ்வளவு கனமான குற்ற உணர்வை ஒரு சிறுமியின் தோளில் வைத்து, அவளை வெறுக்கவும் விடாமல் பார்த்துக்கொண்டது. பவர் ரேஞ்சர்ஸில் ஒரே ஒரு சீசன் பார் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

மூலத்தை ஒட்டியே போய் நன்றாக வந்ததும் உண்டு. 2001-இன் டைம் ஃபோர்ஸ், டைம்ரேஞ்சரைப் பெருமளவு பின்பற்றியது: எதிர்காலத்திலிருந்து வரும் நால்வர், நிகழ்காலத்தில் அவர்களோடு சேரும் பணக்கார வீட்டுப் பையன். "காட்சிக்குக் காட்சி காப்பி" என்று இதைத்தான் அதிகம் சொல்வார்கள். ஆனால் ஜப்பானில் வில்லன்கள் எதிர்காலச் சிறையிலிருந்து தப்பிய ஒரு குற்றக் கும்பல். அமெரிக்காவில் அவர்களை மியூட்டன்ட்களாக, சமூகம் ஒதுக்கியவர்களாக மாற்றினார்கள். வில்லன் ரான்சிக் மனிதர்களை வெறுப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவன் மகள் நதீரா ஒரு பிரசவத்துக்கு உதவி, பிறந்த குழந்தையைப் பார்த்து மனம் மாறுகிறாள். கடைசியில் மகளையே தன் கையால் காயப்படுத்திவிட்ட ரான்சிக் தானாகச் சரணடைகிறான். இந்த இழை மூலத்தில் இல்லை. தவிர, ஜென் என்ற இளஞ்சிவப்பு ரேஞ்சர் தொடக்கத்திலிருந்தே தலைவியாக இருந்ததும் இதில்தான்.

ஜெடிக்ஸ் சேனலில் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கு எஸ்.பி.டி.தான் நெருக்கமான சீசன். 2005-இல் வந்தது, மூலம் டெகாரேஞ்சர். அதில் ஓயாத விவாதம் ஜாக்கா, ஸ்கையா என்பது. ஸ்கையின் அப்பா ஒரு சிவப்பு ரேஞ்சர். சிறுவயதிலிருந்தே அந்த உடைக்காகத் தயாரானவன் அவன். தெருவில் திருடிக்கொண்டிருந்த ஜாக்கைக் கொண்டுவந்து தலைவனாக்குகிறார் நாய்முகத் தளபதி க்ரூகர். ஸ்கைக்கு நடந்தது அநியாயம் என்று பலர் வாதாடுவார்கள். எனக்கு க்ரூகர் செய்தது சரி. விதிமுறை எல்லாம் தெரிந்தும் மற்றவரை நம்பத் தெரியாதவனிடம் அணியைக் கொடுக்க முடியாது. வருட முடிவில் ஜாக் தானாக விலகி ஏழைகளுக்குத் துணி கொடுக்கும் வேலைக்குப் போகிறான், சிவப்பு ஸ்கையிடம் வருகிறது. தலைமையைவிடத் தனக்குப் பிடித்த நல்ல வேலை ஒன்று உண்டு என்று ஒரு நாயகன் சொல்லிவிட்டுப் போவது இந்த வகைத் தொடர்களில் அபூர்வம்.

அப்புறம், "முதல் பெண் சிவப்பு ரேஞ்சர் யார்" என்ற சர்ச்சைக்கும் எஸ்.பி.டி.யில் ஒரு முனை இருக்கிறது. காணாமல்போன ஏ அணி என்ற மூத்த ரேஞ்சர் அணி கடைசியில் துரோகிகளாகத் திரும்பி வரும்போது, அதன் சிவப்பு ரேஞ்சர் ஹெல்மெட்டைக் கழற்றினால் சார்லி என்ற பெண். அவள் வில்லி என்பதால் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சாமுராய் சீசனில் லாரன் சில அத்தியாயங்கள் மட்டும் சிவப்பு. ஒரு சீசன் முழுவதும் சிவப்பு உடையில் அணியை நடத்திய முதல் பெண், 2023-இன் காஸ்மிக் ஃபியூரியில் அமீலியாதான். முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அந்த சீசனில் உடைகளைச் சொந்தமாகவே தைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

லாரனைப் பற்றிப் பேசினால் ஒட்டு எப்படிக் கெடும் என்பதும் தெரியும். சாமுராய், தன் மூலமான ஷின்கெஞ்சரைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி பின்பற்றியது. ஷின்கெஞ்சரின் கடைசியில் ஓர் அதிர்ச்சி: எல்லாரும் பிரபு என்று வணங்கிய தகேரு அந்தக் குலத்தில் பிறந்தவனே இல்லை, எதிரியை ஏமாற்ற வைத்த நிழல். உண்மையான வாரிசு வந்து நிற்கும்போது, நம் விசுவாசம் குலத்துக்கா, கூடப் போராடிய இந்த மனிதனுக்கா என்று அவன் அணியின் நால்வரும் முடிவெடுக்க வேண்டும். சாமுராய், தகேருவின் இடத்தில் வந்த ஜேடனையும் வாரிசாக வரும் லாரனையும் உடன்பிறந்தவர்கள் ஆக்கிவிட்டது. அவனும் அதே ரத்தம் என்றால் நண்பர்கள் எதைத் துறக்க வேண்டும்? காட்சிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அவற்றைத் தாங்கிய கேள்வி மட்டும் இல்லை. இதை நான் காப்பி என்று திட்ட மாட்டேன். காப்பியடித்திருந்தாலே இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சூப்பர் மெகாஃபோர்ஸ் பற்றிச் சுருக்கமாக. அதன் மூலமான கோகைஜர், சென்டாயின் 35-ஆவது தொடர். முந்தைய எல்லா அணிகளின் உடைகளுக்கும் மாறக்கூடிய கடற்கொள்ளையர் கதை. அதை அமெரிக்க ஆண்டுவிழாவுக்குப் பயன்படுத்தியபோது, பவர் ரேஞ்சர்ஸில் வந்தேயிராத பழைய ஜப்பானிய அணிகளின் உடைகளும் உள்ளே வந்தன. திரையில் ரேஞ்சர்கள் அவற்றுக்கு மாறுகிறார்கள். பார்ப்பவருக்கு அந்த அணிகள் யாரென்றே தெரியாது. பழைய நடிகர்கள் கூடிய இறுதிப் போரும் சில நிமிடங்களில் முடிந்தது. இது ரசிகர்களை ஏமாற்றிய சீசன் என்பதில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள்.

"ஜப்பானியக் காட்சிகளை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு 2017 திரைப்படம் ஒரு நல்ல சோதனை. எல்லாமே புதிதாக எடுத்தது. ஆட்டிசம் உள்ள பில்லியாக ஆர்.ஜே. சைலர் நடித்தது அருமை. ஐந்து பேரின் நட்பும் நம்பும்படி இருந்தது. ஆனால் படம் முடியப்போகும்போதுதான் உருமாறுகிறார்கள். உடைக்குள் நுழைந்ததும் அதுவரை நாம் பழகிய முகங்கள் பல இடங்களில் காணாமல்போகின்றன. அந்தச் சிக்கல் ஜப்பானியக் காட்சியால் வருவது என்று நினைத்திருந்தோம்; சொந்தமாக எடுத்தாலும் ஹெல்மெட் வந்தவுடன் நடிகர் மறைகிறார். தொடரில் வாராவாரம் குரலையும் கையசைவையும் வைத்து அந்த இடைவெளியை நிரப்பினார்கள்.

கடைசியாக, காட்சிகளோடு சம்பந்தமில்லாத ஒரு விஷயம். ரசிகர்களின் கோபத்தில் நான் முழு மனதோடு சேர்வது இதில்தான். 1994-இல் ஜேசனாக நடித்த ஆஸ்டின் செயின்ட் ஜான், துய் டிராங், வால்டர் ஜோன்ஸ் மூவரும் சம்பளப் பிரச்சினையில் தொடரை விட்டுப் போனார்கள். உலகம் முழுக்க அவர்கள் முகம் போட்ட பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தன. அவர்களோ தொழிற்சங்கப் பாதுகாப்பே இல்லாத சம்பளத்தில் நடித்தவர்கள். அவர்கள் போன பிறகு வந்த அத்தியாயங்களைப் பாருங்கள்: மூவரும் முதுகைக் காட்டியபடி நிற்கும் வேறு ஆட்கள், பழைய காட்சிகளிலிருந்து வெட்டியெடுத்த முகங்கள், வேறு யாரோ பேசிய குரல். சுவிட்சர்லாந்தில் அமைதி மாநாட்டுக்குப் போகிறார்கள் என்று கதை. தொடரில் பில்லியாக நடித்த டேவிட் யோஸ்ட் 1996-இல் விலகினார். படப்பிடிப்பில் தன் பாலீர்ப்பை வைத்துச் செய்த கேலியைத் தாங்க முடியவில்லை என்று 2010-இல் அவரே சொன்னார். அவர் விடைபெறும் அத்தியாயத்திலும் பழைய காட்சிகளும் வேறொருவர் குரலும்தான்.

2023-இல் ஒன்ஸ் அண்ட் ஆல்வேஸ் என்ற சிறப்புப் படத்தில் யோஸ்டும் ஜோன்ஸும் திரும்பி வந்தார்கள். 2001-இல் கார் விபத்தில் இறந்த துய் டிராங்குக்காக, டிரினி இறந்துபோனதாகவும் அவள் மகள் மின் அந்த இழப்போடு வளர்வதாகவும் கதை அமைத்திருந்தார்கள். படத்தில் குறைகள் நிறைய, வசனம் பல இடங்களில் தட்டையானது. ஆனால் பில்லி டிரினிக்காக வருந்தும்போது அங்கே வேறொருவர் குரல் இல்லை, யோஸ்ட்டேதான் பேசுகிறார். ஆர்.பி.எம்.மைப் பார்த்து முடித்ததும் முதல் சீசனின் பச்சை ரேஞ்சர் ஐந்து பாகங்களையும், பிறகு இந்தப் படத்தையும் பாருங்கள். உங்கள் நண்பர்களையும் கூட உட்காரவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.